இடப்பக்கத்தைக் கொடுக்காதவர்

அன்று மாலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பனிச்சறுக்குப் பயிற்சியின் கடைசிச் சுற்றுகளில், ஒரு வளைவில் அவர் விழுந்தார். யாரும் இடிக்கவில்லை.

2. சறுக்கிக்கொண்டே போய்ப் பனித்தரையைச் சுற்றி நிற்கும் மெத்தையில் கால்களால் மோதினார். வலது சப்பாத்தின் அடியிலுள்ள கத்தி அலகு இரண்டு மெத்தைகளுக்கு நடுவே புகுந்து நின்றுவிட்டது. உடம்பு நிற்காமல் திரும்பியது.

3. சப்பாத்து நாடாவை வெட்டினார்கள். சப்பாத்தின் நாக்கை உருவி எடுத்தார்கள். சப்பாத்து கழலவில்லை.

4. அம்புலன்ஸ் வந்தது. பயிற்சியாளரால் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியவில்லை. அந்த மண்டபத்தில் துப்புரவு வேலை செய்யும் என் அம்மா வேலை உடுப்போடு ஏறிக்கொண்டார்.

5. வைத்தியசாலையில் சப்பாத்தை வெட்டச் சம்மதம் கேட்டார்கள். அவர் மறுத்தார். செய்த ஆள் வரட்டும் என்றார்.

6. செய்த ஆள் நான்.

அவருடைய பெயர் வேண்டாம். நெதர்லாந்தில், அவர் வளர்ந்த ஊரின் பனிமண்டப வாசலில் அது பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தே அவருக்குப் போதுமான தொல்லையாக இருந்தது.

ஷோர்ட் ட்ராக் என்ற பனிச்சறுக்குப் பந்தயத்தில் அவர் தன் நாட்டின் சாம்பியனாகவும் பிறகு ஐரோப்பாவின் சாம்பியனாகவும் இருந்தவர். அந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்வதானால், ஐஸ் ஹொக்கி ஆடும் தரையில் ஒரு சிறிய நீள்வட்டம். அதில் நாலைந்து பேர் ஒன்றாக ஓடுவார்கள். ஆளுக்கொரு பாதை கிடையாது. எப்போதும் இடது பக்கமாகவே திரும்புவார்கள். ஆகவே இடப்பக்கம்தான் உட்பக்கம், அதுதான் குறுகிய வழி. முன்னால் போகிறவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி இருந்தால், பின்னால் வருகிறவர் அதற்குள் புகுந்து முந்திவிடலாம். இல்லாவிட்டால் வெளிப்பக்கமாகச் சுற்றிக் கூடுதல் தூரம் ஓடவேண்டும்.

அவருடைய இடப்பக்கத்தில் அந்த இடைவெளியை யாரும் கண்டதில்லை. அதனால் பெற்றவைதான் அவருடைய பதக்கங்களெல்லாம். பனித்தரையை விட்டு இறங்கிய பிறகும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்ததில்லை.

ஒருமுறை பிராங்பேர்ட்டில், எஸ்-பான் ரயிலிலிருந்து இறங்கி மேலே போகும் நகரும் படியில் நாங்கள் இருவரும் ஏறினோம். அங்கே நிற்கிறவர்கள் வலப்பக்கம் நிற்கவேண்டும். அவசரக்காரர்கள் ஏறிப்போக இடப்பக்கத்தை விடவேண்டும். அதை அங்கே குழந்தைகளும் அறிந்திருக்கும். அவர் இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். பின்னால் சக்கரப்பெட்டியோடு ஒரு மனிதர் வந்தார்.

“இது ஏறிப்போறதுக்கான பக்கம்,” என்றார் அந்த மனிதர்.

“ஓம், தெரியும்.”

“எனக்கு விமானத்துக்கு நேரமாகுது.”

“அப்ப வலப்பக்கத்தாலை முந்துங்கோ.”

வலப்பக்கத்தில் மேலே வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அந்த மனிதர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். மேலே வந்து சேர்ந்ததும் அவர் என்னிடம், “ரெண்டு தரம் எத்தனிச்சவர், பாத்தனீரோ? ரெண்டாவது தரம் தோளை முதல் விட்டது நல்லாயிருந்தது,” என்றார். அதில் கேலி இல்லை. உண்மையாகவே அந்த மனிதரின் திறமையை எடைபோட்டிருந்தார்.

அவர் பேசியது டச்சு வாடை அடிக்கும் ஜெர்மன். அதை நான் எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். வேறு பேச்சுத்தமிழ் எனக்கு வராது.

எங்கள் பட்டறை பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. செயற்கைக் கால், முதுகுப்பட்டி, பாதத்தாங்கி போன்றவை செய்கிறோம். சறுக்குச் சப்பாத்து எங்கள் தொழில் அல்ல. பட்டறையின் தலைமைக் கைவினைஞரான எங்கள் மைஸ்டர் இளமையில் ஐஸ் ஹொக்கி ஆடியவர் என்பதால், பக்கத்து மண்டபத்தில் பயிலும் பிள்ளைகளுக்குக் கார்பன் நாரில் சப்பாத்து வார்த்துக் கொடுக்கத் தொடங்கினார். நான் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததும் அதை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே என் கருவி வண்டில் நின்றது. அதை உருட்டி இந்தப் பக்கம் விட்டுவிட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். இடத்தோள் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான், “வணக்கம். சப்பாத்துக்கு வந்தனான்,” என்றார்.

“அந்த வண்டில் அங்கை நிண்டால்தான் எனக்குக் கை எட்டும்,” என்றேன்.

“இப்பவும் எட்டும். எட்டிப் பாரும்.”

எட்டியது.

அவரைப் பற்றி எனக்கு முன்பே அம்மாவிடமிருந்து தெரியும். அம்மா மண்டபத்தில் உடைமாற்றும் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். அந்தச் சாம்பியனுக்கு ஐஸ்காரி என்று பெயர் வைத்திருந்தார்.

“பிள்ளை, உந்த ஐஸ்காரி பெரிய சாம்பியனாம். காலமை முழுக்க வட்டமாய் ஓடுறா. பின்னேரமும் வட்டமாய் ஓடுறா. இவ்வளவு கெதியாய் ஓடி எங்கை போய்ச் சேருறா எண்டு நானும் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“அது பந்தயம் அம்மா.”

“பந்தயம் எண்டாலும் ஒரு இடத்துக்குப் போகத்தானே வேணும்.”

சப்பாத்து செய்ய முதலில் காலின் அச்சு எடுக்கவேண்டும். கிப்ஸ் என்ற மாவுக்கட்டுச் சாந்து தோய்ந்த துணியை நனைத்துப் பாதத்திலும் கணுக்காலுக்கு மேலும் சுற்றுவோம். அது இறுகும்வரை காலைத் தளர்வாக வைத்திருக்கவேண்டும். பிறகு வெட்டித் திறந்து, அந்தக் கூட்டுக்குள் கிப்ஸ் ஊற்றினால் காலின் உருவம் கிடைக்கும். அதன்மேல் கார்பன் நாரை அடுக்கி வார்ப்போம். கால் எப்படி இருந்ததோ அப்படித்தான் சப்பாத்தும் வரும்.

அவருடைய காலில் எடுத்த கூட்டைத் திறந்து உள்ளே விரலைவிட்டுப் பார்த்தேன். பாத விரல்கள் இருந்த இடம் ஒரு பொத்திய கை போலச் சுருங்கியிருந்தது.

“விரலை மடக்கிப்போட்டியள்.”

“ஓம்.”

“திரும்ப எடுப்பம்.”

“எடும். திரும்பவும் மடக்குவன்.”

எடுத்தேன். மடக்கினார். மடக்கிய காலை அசையாமல் அத்தனை நேரம் வைத்திருப்பது எளிதல்ல. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தார். பந்தயத்தில் வளைவு திரும்பும்போது அவர்கள் அந்தக் கையைத்தான் பனியில் தொட்டுக்கொள்வார்கள்.

“விரிச்சு வைச்ச காலுக்குச் செய்தால் சப்பாத்துக்குள்ளை இடம் இருக்கும்,” என்றார். “இடம் இருந்தால் கால் அசையும். கால் அசைஞ்சால் வளைவிலை ஒரு மயிரிழை வெளியாலை போவன். அந்த மயிரிழைக்குள்ளை ஒருத்தி பூந்திடுவாள்.”

“கால் வீங்கினால்?”

“வீங்க இடமில்லையெண்டால் எப்பிடி வீங்கிறது?”

அவர் அப்படிப் பேசும்போது, தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவரிடம் சொல்ல வாய் வராது. அன்று மட்டும் சொன்னேன். இந்த அளவில் செய்தால் இரத்தம் சரியாக ஓடாது என்றேன், அடிபட்டால் கழற்ற முடியாது என்றேன். மைஸ்டரையும் கூப்பிட்டேன். அவர் வந்து கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே தன் குரலில் சொன்னார். சப்பாத்துக்கு வந்தவர் எங்கள் இருவருக்கும் தலையாட்டினார்.

“எனக்கு விளங்குது. இப்பிடியே செய்யுங்கோ.”

“அவ வளந்த ஆள்,” என்று மைஸ்டர் பிறகு என்னிடம் சொன்னார். “கால் அவவின்ரை.”

வலது பாதத்தின் அச்சில், எங்கள் வழக்கப்படி பென்சிலால் குறிப்பு எழுதினேன்: தளர்வில் எடுக்கப்படவில்லை.

அவ்வளவு இறுக்கம் எதற்கு என்பது சப்பாத்தைப் போட்டுப்பார்க்க வந்த நாளில்தான் தெரிந்தது. அவருடைய நாட்டு அணி அந்த ஆண்டு அவரை எடுக்கவில்லை. அவரைவிட இளையவர்கள் வந்துவிட்டார்கள். குளிர்காலத்தின் நடுவில் அங்கே ஒரு தேர்வு ஓட்டம் இருந்தது. அதில் முதலாவதாக வந்தால் திரும்பவும் அணியில் இடம். அதுவரை பயில ஓர் இடம் வேண்டுமென்று எல்லை தாண்டி இங்கே வந்து, இந்தச் சிறு கழகத்துப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்.

“உங்கடை ஊர் மண்டபத்திலேயே ஓடலாம்தானே?” என்று கேட்டேன்.

“அங்கை வாசலிலை என்ரை பேர் இருக்கு.”

“அது நல்லதுதானே.”

“நீர் உம்மடை பேருக்குக் கீழாலை குனிஞ்சு ஒருக்கால் போய்ப் பாரும். அணியின்ரை மேற்சட்டை போட்டிருந்தால் போகலாம். சும்மா சட்டையோடை எப்பிடிப் போறது? சின்னப் பிள்ளையள் பேரையும் பாப்பினம், என்னையும் பாப்பினம்.”

“வேறை வேலை ஏதும்…” என்று தொடங்கினேன்.

“உட்பக்கம் மூடியிருந்தால் ரெண்டு வழி இருக்கு. வெளியாலை சுத்திப் போகலாம். இல்லாட்டிப் பின்னாலை நிக்கலாம். நான் ரெண்டும் பழகேல்லை.” சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டினார். கட்டி முடியும்வரை மூச்சு விடவில்லை. “நல்ல சப்பாத்து. உமக்குப் பின்னாலை ஆரும் வருகினமோ?”

“இல்லையே.”

“அப்ப ஏன் எப்பவும் இப்பிடிப் பாத்துப் பாத்து நடக்கிறீர்?”

நான் குனிந்து மற்றச் சப்பாத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் ஓடுவதை நான் நேரில் பார்த்தது ஒரேயொரு நாள். வேலை முடிந்து அம்மாவைக் கூட்டிப்போக மண்டபத்துக்குப் போயிருந்தேன். பனித்தரையைச் சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரமான தடித்த மெத்தைகள் நின்றன. பயிற்சி தொடங்கியதும் தரைக்குள் போகிற கதவையும் ஒரு மெத்தையால் மூடிவிடுகிறார்கள். விழுகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் மூடிய பிறகு கதவு எங்கே இருந்தது என்று தெரியாது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். இருந்தும் என் கண் அந்தக் கதவைத் தேடிக்கொண்டே இருந்தது.

அவர் முன்னால் ஓடினார். வளைவில் உடம்பு ஏறக்குறையப் பனியில் படுத்தது. இடது கைவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டுத் தொட்டு எழும்பின. சத்தம் அதிகமில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய ஒலி. பின்னால் கழகத்துப் பெண் ஒருத்தி ஒட்டிக்கொண்டு வந்தாள். உயரமானவள், நல்ல வேகம். ஒரு வளைவின் முடிவில் அவருடைய இடப்பக்கம் கொஞ்சம் திறந்தது. அந்தப் பெண் உள்ளே பாய்ந்தாள். அவள் பாய்ந்தபோது அங்கே இடம் இல்லை. அலகு அலகில் உரசி அவள் விழுந்து, சுழன்று, மெத்தையில் போய் அடித்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிச் சுற்றுகளைத் தனியாக ஓடி முடித்தார்.

பிறகு உடைமாற்றும் அறை வாசலில் அந்தப் பெண் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அவர் போய் அவளுடைய சப்பாத்தைக் கையிலெடுத்து, தாங்கியில் பூட்டி, சாணைக்கல்லால் அலகைத் தீட்டத் தொடங்கினார்.

“இடைவெளி இருந்தது,” என்றாள் அந்தப் பெண்.

“இருந்தது.”

“நான் உள்ளுக்கை வந்திட்டன்.”

“நான் காட்டின இடைவெளிக்குள்ளை வந்தனீ. ஆரும் காட்டாத இடைவெளிக்குள்ளை வந்திருந்தால் நான் விழுந்திருப்பன்.” விரல் நகத்தால் அலகின் கூரைப் பார்த்தார். “மற்றச் சப்பாத்தையும் தா.”

அவள் கொடுத்தாள். இரண்டையும் தீட்டி முடித்துத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த அலகுகளை அவர் துடைத்துக் கொடுத்த விதத்தைப் பார்த்தபோது, எனக்கு அவரைப் பிடித்ததா, பயமாக இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா சொன்னார்:

“நீ செய்து குடுத்த சப்பாத்துத்தானே அது?”

“ஓம்.”

“காலமை ஓட்டம் முடிஞ்சால் மற்றதுகள் எல்லாம் கழட்டிப்போட்டுச் சாப்பிடப் போகுதுகள். உவ கழட்டிறேல்லை. கத்திக்கு உறையைப் போட்டுக்கொண்டு சப்பாத்தோடையே மத்தியானம் முழுக்க உடுப்பு மாத்திற அறை வாங்கிலை குந்திக்கொண்டிருக்கிறா.”

“ஏனாம்?”

“கழட்டினால் திரும்பப் போட ஏலாதாம். கால் ஊதிப்போமாம். பின்னேரம் கழட்டிப்போட்டு என்ரை வாளியிலை குளிர்தண்ணி கேட்டவ. காலைப் பாத்தன் பிள்ளை. அது கால் மாதிரி இல்லை.” கொஞ்சத் தூரம் நடந்தார். “நீ பெருசாய் ஒண்டு செய்து குடன்.”

“அவ வேண்டாமாம்.”

“நான் சொல்லிப் பாக்கிறன்.”

அம்மாவின் ஜெர்மன் சின்னச் சின்ன வாக்கியங்களால் ஆனது. வேலைக்குத் தேவையானவை எல்லாம் அதில் உண்டு. அடுத்த நாள் அவர் ஐஸ்காரியிடம் சொன்னதை எனக்குத் திரும்ப நடித்துக் காட்டினார்.

“நான் சொன்னன், சப்பாத்து சின்னன். அவ சொன்னா, சரியான அளவு. நான் சொன்னன், கால் பெரிசு. அவ சொன்னா, கால்தான் பிழை. பிறகு என்ரை துடைப்புத்தடியைப் பாத்துக் கேக்கிறா, ஏன் வலப்பக்கத்திலை இருந்து துடைக்கிறீங்கள், இடப்பக்கத்திலை தொடங்கினால் கிட்டவாம்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“தடியை அவவின்ரை கையிலை குடுத்தன். இடப்பக்கத்திலை தொடங்கி முழு அறையையும் துடைச்சுப்போட்டா. சப்பாத்தோடை.” அம்மா சிரித்தார். “கெதியாய்த்தான் முடிஞ்சது.”

தேர்வு ஓட்டத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது அவர் விழுந்தார்.

வைத்தியசாலையிலிருந்து அழைத்தது ஒரு பெண் மருத்துவர். மாவுக்கட்டு வெட்டும் வாள் அவரிடமும் இருந்தது, வெட்டவும் தெரியும். “அவ நினைவோடை இருக்கிறா. வேண்டாம் எண்டு சொல்லுறா. நீங்கள் வந்தால்தான் கதைப்பாவாம். கெதியாய் வாங்கோ,” என்றார். பட்டறை வண்டியில் கருவிப்பெட்டியோடு போனேன்.

அந்த அறையில் கட்டில் இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவரைக் கொண்டுவந்ததும் முதலில் கேட்டது அதைத்தானாம். “சுவரோடை தள்ளுங்கோ.” மறுபக்கம் அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய தலைக்கவசம். வலது கால் ஒரு தலையணையில் இருந்தது. சப்பாத்தின் வாய்க்கு மேலே கெண்டைக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது. கார்பன் வீங்கவில்லை.

“வாரும்,” என்றார். “கழட்டும்.”

மருத்துவர் என்னிடம் மெதுவாக, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பு உடைந்திருக்கிறது, ஆனால் தன் கவலை அதுவல்ல என்றார். “விரலை என்னாலை பாக்க ஏலாமல் இருக்கு. விரலிலை உணர்வு இருக்கோ எண்டு கேட்டால் சிரிக்கிறா.”

நான் கீழே இருந்த திருகாணிகளைக் கழற்றி அலகை எடுத்தேன். கனம் குறைந்ததும் அவர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு கைகளாலும் சப்பாத்தின் வாயை விரித்துப் பார்த்தேன். என் கைக்கு அது அசையவில்லை. அசையாதபடிதான் அதைச் செய்திருந்தேன்.

“சொல்லும். என்னென்ன வழி இருக்கு?”

“நாடா. அது முடிஞ்சுது. நாக்கு. அதுவும் முடிஞ்சுது. மூண்டாவது, சூடுகாட்டி இளக்கிறது. நாலாவது, வெட்டிறது.”

“மூண்டாவதைச் செய்யும்.”

“கார்பன் இளக முதல் உங்கடை தோல் இளகும்.”

“அப்ப ஐஞ்சாவது?”

“ஐஞ்சாவது இல்லை.”

அவர் கூரையைப் பார்த்தார். “வெட்டினால் திரும்ப ஒட்டலாமோ?”

ஒட்டலாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் உடனே சம்மதித்திருப்பார். மருத்துவரும் அதைத்தான் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஒட்டலாம்,” என்றேன். “அலுமாரியிலை வைக்கலாம். ஓட ஏலாது.”

“புதுசு செய்வீரோ?”

“கால் ஆறின பிறகு. காலை விரிச்சு வைச்சிருந்தால்.”

“தேர்வுக்கு முதல்?”

“இல்லை.”

மருத்துவர் தலையணைக்கு அருகில் குனிந்து, இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்று தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகு விரல்களுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கட்டிலில் கிடந்தவர் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். பட்டறையில் எனக்கும் மைஸ்டருக்கும் ஆட்டிய அதே தலையாட்டல்.

அவருடைய இடது கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மாதான் பேசினார். தன் சின்ன வாக்கியங்களில், நேராக அவரிடம்.

“நாளைக்கு நான் வேலை. உன்ரை வாங்கு. சாப்பாட்டு நேரம். நீ அதிலை இல்லை. துடைக்கிறது லேசு.” கொஞ்சம் யோசித்தார். “நல்லாய் இருக்கும்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமாக, வயிறு குலுங்க. சிரிப்பில் கால் அசைந்து வலி ஏறி முகம் வெளுத்தது. அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது கண் நனைந்திருந்தது.

“எந்தப் பக்கத்தாலை வெட்டவேணும்?” என்று என்னைக் கேட்டார்.

“வெளிப்பக்கம் எலும்பு உடைஞ்சிருக்கு. அங்கை நான் கார்பனை ரெட்டையாய்ப் போட்டிருக்கிறன். வலது சப்பாத்தின்ரை உட்பக்கத்தாலைதான் வெட்டவேணும். அதுக்கு நான் உங்களுக்கு இடப்பக்கம் நிக்கவேணும்.”

அவருக்கு இடப்பக்கம் சுவர்.

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

“கட்டிலை இழுங்கோ,” என்றார். “இடப்பக்கத்தாலை வாரும்.”

நானும் மருத்துவரும் கட்டிலின் பூட்டைத் தட்டி நகர்த்தினோம். சுவருக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி வந்தது. நான் பக்கவாட்டில் உள்ளே போனேன். அந்தக் குளிர்காலம் முழுவதிலும் அந்தப் பக்கத்திலிருந்து நான் அவரைப் பார்த்ததில்லை. இடது காதுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருந்தது.

எங்கள் வாள் சுழலாது, அதிரும். தோலை வெட்டாது. ஆனால் கார்பனில் ஓடும்போது சூடாகும். ஆகவே கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, ஈரத்துணி வைத்து, திரும்ப வெட்டவேண்டும். கரும்புழுதி விரிப்பில் படிந்தது. அம்மா எழுந்து, கேட்காமலே துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தார். அடி வரைக்கும் வெட்டி, விரிகருவியை உள்ளே கொடுத்துத் திருப்பியபோது ஒரு காய்ந்த கிளை முறிகிற ஒலியோடு சப்பாத்து பிளந்தது. மருத்துவர் காலைத் தாங்கி வெளியே எடுத்தார்.

விரல்கள் நீலமாக இருந்தன. மருத்துவர் அழுத்திப் பார்த்தார். காத்திருந்தார். திரும்ப அழுத்தினார். “இரத்தம் வருது,” என்றார்.

ஆனால் அவை மடங்கியே இருந்தன. சப்பாத்து இல்லை, சுற்றி ஒன்றுமில்லை. நான் வார்த்த அச்சின் அதே வடிவில், ஐந்தும் உள்ளங்காலை நோக்கி இறுகிக்கொண்டு இருந்தன.

“இனி விடலாம்,” என்றார் மருத்துவர். “விரலை விடுங்கோ.”

“விட்டிட்டன்,” என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

அதன் பிறகு சில குளிர்காலங்கள் போய்விட்டன. எலும்பு பொருந்திவிட்டது. தேர்வு ஓட்டம் அவர் இல்லாமல் நடந்தது. வசந்தத்தில் இங்கிருந்த அறையைக் காலிசெய்துவிட்டு, ஊருக்குப் போகாமல் ஹம்பேர்க்குக்குப் போனார். அங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு வேலை என்று அம்மாவுக்கு எழுதினார். அம்மாவுக்குத்தான் எழுதுவார். தான் நலம் என்றும், படிகளில் இடப்பக்கம் நிற்பதற்கு அங்கேயும் ஏசுகிறார்கள் என்றும் எழுதுவார். திரும்ப ஓடுவாயா என்று அம்மா கேட்டதற்கு அந்தக் கடிதங்களில் பதில் இல்லை. பிளந்த சப்பாத்தை அவர் கேட்கவில்லை. வலது பாதத்தின் அச்சு எங்கள் பட்டறைத் தட்டில், விரல்கள் மடங்கியபடி, பென்சில் குறிப்போடு இருக்கிறது. கால் ஆறிவிட்டால் புதிதாக அச்சு எடுக்கலாம் என்று நான் அவருக்கு எழுதியிருந்தேன். வருவதற்கு நாள் குறித்து அவர் இன்னும் டெர்மின் எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.